கப்பலுக்கு முன்னால் கிளம்பிய பை

பிப்ரவரி 4, 1963. திங்கள்

காலையில் பனி. வெயில் ஏறின பிறகும் ஸ்வெட்டரைக் கழற்ற மனசில்லை. பம்பாய்க்கு இதுதான் குளிர் என்கிறாள் மன்னி. மாதுங்காவில் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உமாவின் கையை முனிசிபல் டாக்டரிடம் காட்டியாயிற்று. அம்மை குத்தின இடம் பொருக்குத் தட்டியிருக்கிறது. மஞ்சள் நிற ஹெல்த் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்குப் போன வாரமே முடிந்துவிட்டது. எல்லோ ஃபீவர் ஊசியும் இரண்டு பேருக்கும் ஆயிற்று. அந்த ஊசிக்கு உமா அழவில்லை, நான்தான்.

இன்றைய நிலவரம்: பாஸ்போர்ட் கப்பல் கம்பெனியில் கொடுத்திருக்கிறது. டிக்கெட் மன்னியின் ஆத்துக்காரர், என் மச்சினரின் பீரோவில். ஹெல்த் புத்தகம் இரண்டு, மொம்பாஸா பெர்மிட் ஒன்று, என் கையில். பெர்மிட் இந்த மாதத்தோடு சரி. உமாவின் அப்பா அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி வாங்கியது. பதினாறாம் தேதிக் கப்பல் தவறினால் அடுத்தது மார்ச்சில்தான். அப்புறம் பெர்மிட் வெறும் காகிதம். மறுபடி மனு, மறுபடி ஒரு வருஷம். நினைக்கவே கூடாது என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

அவர் கப்பலேறினபோது எனக்கு ஐந்தாம் மாதம். இப்போது உமாவுக்கு இரண்டரை வயசு. 'போட்டோ அப்பா' என்கிறாள். ஆணியில் மாட்டியிருக்கும் ஒருத்தர்.

மச்சினர் ஆபீஸ் சினேகிதர் மூலம் ஒருத்தரைப் பார்க்கச் சொல்லியிருந்தார். சாயங்காலம் போனோம். ஞானம் அக்கா. சயானில் வீடு, அங்கேயே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். திருநெல்வேலி நாசரேத் பக்கத்துக்காரர். கணவர் மொம்பாஸா துறைமுகத்தில் வேலையாக இருந்து ரிடையர் ஆனவர். அக்கா அந்தக் கடலை ஆறு தடவை தாண்டியிருக்கிறார், அதில் இரண்டு தடவை கைக்குழந்தையோடு, துணையில்லாமல்.

நான் பயங்களை எல்லாம் வரிசையாகக் கொட்டினேன். வாந்தி, ஜுரம், குழந்தை கம்பி இடுக்கில் விழுவது, சாப்பாட்டில் மாமிசம், பாஷை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னது: "ஏளா, இம்புட்டுக்கும் ஒரே நாள்ல பயப்பட்டா எப்படி? கப்பல் போகப் போக ஒவ்வொண்ணா பயந்துக்கோ. நாளு கெடக்குல்லா!"

மன்னி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் ரோஷம். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கும் சிரிப்பு.

பிப்ரவரி 7, வியாழன்

அக்காவோடு கிராஃபோர்டு மார்க்கெட். உமா மன்னியிடம்.

அக்கா கடைக்குள் நுழைகிற அழகே தனி. முதல் சுற்றில் எதையும் தொடமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெரு முழுக்க நடப்பார். இரண்டாவது சுற்றில்தான் வாய் திறப்பது. நான் முதல் கடையிலேயே ஒரு பிளாஸ்டிக் கூடையை எடுத்தேன். "வை அதை" என்றார். அதே கூடை நாலு கடை தள்ளி, கைப்பிடி இன்னும் கெட்டியாக, விலையும் குறைவு.

"எறங்குத எந்த ஊர்லயும் இதான் வழி. கப்பல் பக்கத்துல வள்ளத்துல வந்து விப்பான், கயித்துல கூடை கட்டி மேல அனுப்புவான். சாமான் உன் கைக்கு வந்து, விரிச்சுப் பாத்த பெறகு துட்டை எறக்கு. சேஷல்ஸ் தீவுல ஆமை ஓட்டுச் சீப்பு காட்டுவான், பளபளன்னு இருக்கும். ஒண்ணு வாங்கு. ஒரு டஜன் வாங்காத. ஊருக்கெல்லாம் சீப்பு வாங்கிக் குடுத்து நான் பட்ட பாடு!"

வாங்கினவை: ஊக்கு இரண்டு அட்டை. துணி உலர்த்தக் கயிறு (கேபினுக்குள் கட்டிக்கொள்ளலாமாம்). சுக்கு, கல்கண்டு, உப்பில் போட்ட நெல்லிக்காய். எலுமிச்சை கடைசி நாளில். உமாவுக்கு கான்வாஸ் ஷூ. ஒரு சின்னச் சொம்பு. சொம்பு எதற்கு என்று கேட்டேன். அக்கா என் காதோரம் குனிந்து, "அங்க கக்கூஸ்ல காயிதம்தான் வச்சிருப்பான்" என்றார். நடுத்தெருவில் இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

வாங்க வேண்டாம் என்றவை: அரிசி, பருப்பு, புளி. மொம்பாஸாவில் குஜராத்திக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். காப்பிக்கொட்டை அங்கேயே விளைகிறதாம், ஆனால் ஃபில்டர் கிடையாது. ஃபில்டர் இரண்டு வாங்கினேன்.

பிறகு காகித விஷயம். அக்கா குரல் மாறிவிட்டது, வகுப்பில் நிற்கிற மாதிரி.

காகிதம் பெட்டிக்குள் போகக்கூடாது. பெட்டி கப்பலின் அடித்தட்டுக்குப் போய்விடும், மொம்பாஸாவில்தான் கண்ணில் படும். துணிப்பை ஒன்று தைத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். எல்லா நம்பரையும் வேறு ஒரு இடத்திலும் எழுதி வைக்க வேண்டும். பேனா நம்முடையதாக இருக்க வேண்டும். எந்த அதிகாரி வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும்வரை அந்த மேஜையை விட்டு நகரக்கூடாது. முத்திரை குத்தினால் அங்கேயே நின்று படிக்க வேண்டும்.

"தொப்பி வச்சிருக்கான்னு பயந்து வாங்கி மடிச்சு வச்சுட்டு வந்துராத. படி. அவன் முன்னால நின்னு படி. படிச்ச புள்ளதானே நீ?"

பி.எஸ்ஸி. படித்தேன். ஒரு முத்திரையைப் படிக்க யாரும் சொல்லித் தரவில்லை.

பிப்ரவரி 8, வெள்ளி

பை தைத்தேன். காடாத் துணி, இரட்டைத் தையல், உள்ளே மெழுகுத் துணி. சொல்லிக்கொள்ளக் கூடாது, நன்றாக வந்திருக்கிறது. இரண்டு மஞ்சள் புத்தகம், பெர்மிட், அவருடைய விலாசம். வீட்டில் எல்லோருக்கும் காட்டிக்காட்டி, "இது இல்லேன்னா நான் கப்பல்ல காலே வெக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மச்சினர்: "காலையிலேர்ந்து நாலாவது தடவை சொல்றே. எனக்கே பாடமாயிடுத்து."

உமாவுக்கு ராத்திரி லேசாக உடம்பு சுட்டது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்கிறாள் மன்னி.

பிப்ரவரி 10, ஞாயிறு

ஜுஹு. அக்காவின் ஏற்பாடு. "தீவுல கப்பல் ஒரு நாள் நிக்கும். எல்லாரும் கரைக்குப் போவாங்க. நீ பயந்துக்கிட்டு கேபின்லயே கெடப்பே, எனக்குத் தெரியும். அதனால இங்கயே ஒரு தடவை நனைஞ்சிரு."

மாதுங்கா ரோடிலிருந்து சாந்தாகுரூஸ், அங்கிருந்து பஸ். மன்னியும் வந்தாள். கையில் தயிர்சாதம், முகத்தில் அதிருப்தி.

அக்கா புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, உள்ளே கணவரின் பழைய பைஜாமா தெரிய, நேராகத் தண்ணீருக்குள் நடந்தார். ஐம்பது வயசுக்குக் குறையாது. ஒரு அலை வந்து இடுப்புவரை நனைத்தது. திரும்பி எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அந்தக் கணத்தில் அவரைப் போல ஆகவேண்டும் என்று இருந்தது. இந்த வயசில் யாரையாவது பார்த்து அப்படித் தோன்றுமா? தோன்றியது.

"நைலக்ஸ் கட்டாத, ஒட்டிக்கிடும், ஊரே பாக்கும். கனத்த காட்டனும் வேண்டாம், ஆளையே இழுக்கும். மெல்லிசா வாயில் துணிப் பொடவை, உள்ள பைஜாமா. கல்யாண வளையல் எல்லாம் கப்பல்லயே இருக்கட்டும், கண்ணாடி வளையல் போதும். கரைக்குப் போறதுக்கு ஒரு அட்டை குடுப்பான், அது மட்டும் கூட வரட்டும். இடுப்புப் பையை கப்பல்ல கணக்குப் பாக்குத பர்ஸர் கிட்ட குடுத்து ரசீது வாங்கிக்கோ. தண்ணிக்குள்ள காயிதத்தோட எறங்காத."

"கடைசிப் படகுல ஏறிக்கலாமா?"

"கடைசிப் படகுக்கு முந்தின படகு. கடைசிப் படகுன்னு ஒண்ணு இருக்கதையே மறந்துரு."

உமா முதலில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். அக்கா அவளை வாங்கவில்லை, கொஞ்சவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மணலில் குழி தோண்டினார். அலை வந்து குழியை மூடியது. மறுபடி தோண்டினார். மறுபடி மூடியது. மூன்றாவது தடவை உமா இறங்கிப் போய் அலையை அதட்டினாள்: "போ! போடா!" அப்புறம் அவளைக் கிளப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

நானும் நனைந்தேன். முழங்கால்வரை. இதைவிட ஆழமாகப் போவதற்கு மொம்பாஸாவில் அவர் இருப்பார்.

மன்னி நனையவில்லை. ஆனால் திரும்பும்போது ரயிலில், உமா அவள் மடியில் தூங்க, "இனிமே இந்தக் குழந்தைக்கு வாயெல்லாம் உப்பாத்தான் இருக்கும்" என்று சொல்லி, முந்தானையால் அவள் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மாதுங்கா ரோடு நெருங்கிய பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். மன்னிக்குக் குழந்தை இல்லை. உமா பிறந்த நாள் முதல் அவள் மடியில்தான்.

பிப்ரவரி 12, செவ்வாய்

பெட்டிகள் கட்டியாயிற்று. வெயில் உறைக்க ஆரம்பித்துவிட்டது.

கம்பெனி இரண்டு விதமான லேபிள் கொடுத்திருக்கிறது. பயணத்தில் வேண்டியது, பயணத்தில் வேண்டாதது. இங்கிலீஷில் பெரிய எழுத்தில் 'நாட் வாண்டட்'. பெரிய டிரங்குகளுக்கு அதுதான். மச்சினர் பசை தடவ, நான் ஒட்டினேன். மன்னி அர்த்தம் கேட்டாள், சொன்னேன்.

"வேண்டாததா? அப்போ ஒண்ணு மிச்சம் வை. என் நெத்தியில ஒட்டிக்கறேன்."

"என்ன மன்னி இப்படிப் பேசறேள்!"

"சும்மா சொன்னேண்டி. பசை காயறது, ஒட்டு."

நகைப் பட்டியல் மூன்று பிரதி, கஸ்டம்ஸுக்கு. தங்கக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து கட்டிடம் முழுக்க இதே பேச்சுதான். எதிர் வீட்டு மாமி மாடிப்படியில் நிறுத்தி, "எல்லாத்தையும் கொண்டு போறியா, இல்லே ஏதாவது மன்னிகிட்ட வெச்சுட்டுப் போறியா?" என்று கேட்டாள். ஜாக்கிரதையாகச் சிரித்து வைத்தேன்.

இன்று மஞ்சள் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். இருக்கின்றன. இன்னொரு தடவை பார்த்தேன்.

பிப்ரவரி 13, புதன்

மன்னியின் நாள்.

சனிக்கிழமை அஷ்டமி. அஷ்டமியில் குழந்தையோடு கடல் தாண்டுவதா என்று ஒரு வாரமாக அவளுக்குத் தூக்கம் இல்லை. கப்பலைத் தள்ளி வைக்க முடியாது. அதனால் பரஸ்தானம். நல்ல நாளில், நல்ல வேளையில், பிரயாண மூட்டை ஒன்றை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பிரயாணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எந்த நாள் கிளம்பினாலும் தோஷமில்லை. ஒரு நிபந்தனை: போன மூட்டை திரும்ப வாசற்படி ஏறக்கூடாது. ஏறினால் பிரயாணம் திரும்பிவிட்டதாக அர்த்தம்.

செம்பூரில் மன்னியின் தம்பி ரமணி இருக்கிறான். ரிஃபைனரியில் வேலை, தனி ரூம். மூட்டை அவன் ரூமில் இருக்கும், சனிக்கிழமை அவனே துறைமுகத்துக்கு எடுத்துக்கொண்டு வருவான். ராகு காலத்துக்கு முன்னால் மச்சினர் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு ஜோல்னாப் பையோடு புறப்பட்டார். உள்ளே என்னுடைய ஒரு புடவை, உமாவின் கம்பளிச் சட்டை, அரிசி, மஞ்சள். மேலே குங்குமப் பொட்டு.

மச்சினர் செருப்பை மாட்டிக்கொண்டே: "கப்பல் மேற்கே போறது. மூட்டை கிழக்கே போறது."

மன்னி: "பூமி உருண்டைன்னு நீங்கதானே எல்லாருக்கும் பாடம் எடுப்பேள்? சுத்திண்டு போகும். கிளம்புங்கோ."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் பை படியிறங்கிப் போனபோது, நிஜமாகவே ஏதோ ஆரம்பித்துவிட்ட மாதிரி இருந்தது.

பிப்ரவரி 14, வியாழன்

எழுதினால் மனசு அடங்குமோ என்று எழுதுகிறேன்.

மத்தியானம் கம்பெனி பியூன் அச்சடித்த சீட்டு ஒன்று கொடுத்துவிட்டுப் போனான். குழந்தைகளோடு பயணம் செய்பவர்கள் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் கம்பெனி ஆபீசில் துறைமுக டாக்டரிடம் குழந்தையையும் ஹெல்த் புத்தகங்களையும் காட்டி முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாதவர்களுக்குச் சனிக்கிழமை கப்பலில் இடம் இல்லை.

சரி, அதனால் என்ன என்று அலமாரியைத் திறந்தேன். துணிப்பை இல்லை.

அலமாரி, தலையணை உறை, சமையலறை, குப்பைத்தொட்டி, அரிசி டின். கட்டிய பெட்டியை அவிழ்த்தேன். 'நாட் வாண்டட்' டிரங்கையும் அவிழ்த்தேன். இல்லை. மன்னி பஜனைக்குப் போயிருந்தாள், யார் வீட்டுக்கென்று சொல்லவில்லை. மச்சினர் ஆபீஸில். உமா நான் அழுவதைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு அப்படியே சயானுக்கு ஓடினேன். தலை வாரவில்லை. காலில் மச்சினரின் செருப்பு என்று பஸ்ஸில் ஏறின பிறகுதான் தெரிந்தது.

அக்கா வகுப்பில். சாக்பீஸ் கையோடு வராந்தாவுக்கு வந்தார். நான் சொன்னது பாதி விம்மல். அக்கா ஆறுதல் சொல்லவில்லை, கேள்வி கேட்டார்.

"கடைசியா எப்பம் கண்ணால பாத்தே?"

"செவ்வாய்க்கிழமை. ரெண்டு தடவை."

"புதன் பாத்தியா?"

"இல்லே. புதன் முழுக்க மன்னியோட பரஸ்தானம்..."

"அது என்னது?"

சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவும் என்னைப் பார்த்தார்.

"அந்தப் பையை யாரு கட்டினா?"

"மன்னி."

"அப்போ தொலையல. ஊருக்குப் போயிருக்கு." சாக்பீஸை ஜன்னல் திட்டில் வைத்தார். "மொகத்தைக் கழுவு. மணி அடிக்கட்டும், நானும் வாரேன்."

மன்னி விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். கையில் சுண்டல் பொட்டலம். நான் கேட்டதும் கொஞ்சம்கூடத் திகைக்கவில்லை.

"ஆமா, வெச்சேன். நடுவுல புடவைக்குள்ள சுத்தி வெச்சேன், பத்திரமா இருக்கும்."

"ஏன் மன்னி? யாரைக் கேட்டு வெச்சேள்?"

"புடவை போனா வேற புடவை கட்டிண்டு போயிடுவே. அது எப்படிப் பிரயாண மூட்டையாகும்? எது இல்லேன்னா கப்பல்ல காலே வெக்க முடியாதோ அதைன்னா அனுப்பணும்? நீதானே நாள் பூரா சொல்லிண்டிருந்தே?"

நான் கத்தினேன். மூடநம்பிக்கை என்றேன். படிப்பில்லாத வேலை என்றேன். இன்றைக்கே போய் எடுத்து வந்துவிடுகிறேன் என்றேன். அதற்கு மன்னி, "ஆத்துக்கு மட்டும் கொண்டு வராதே" என்றாள். "என்னை என்ன வேணா சொல்லு. அது இந்தப் படி ஏறப்படாது. நீ போகாம நின்னுடுவே. நீ நிக்கணும்னு நான் ஆசைப்பட்டேன்னு ஆயிடும்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை. அவள் அழுது நான் பார்த்ததில்லை. மச்சினர் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நடுவில் உட்கார்ந்து காப்பி டம்ளரைக் காலி பண்ணினார். "இதுல சண்டைக்கு என்ன இருக்கு? காலைல செம்பூர்ல எடுப்போம். நேரா கப்பல் ஆபீசுக்கு. முத்திரை வாங்கிக்கிட்டு, பை எங்க வீட்டுக்கு வரட்டும். சனிக்கிழமை நான் துறைமுகத்துக்கு எடுத்துட்டு வாரேன். உங்க படி ஏறாதுல்லா?"

மன்னி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஞானம் அக்கா வீட்டுச் சுவரில் சிலுவை மாட்டியிருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நான் பயந்தேன்.

"தரையில வெக்க வேண்டாம்" என்றாள். "ஏதாவது உசரத்துல வெச்சுடுங்கோ."

"பீரோ மேல வைக்கேன். வேதப் புஸ்தகம் பக்கத்துல. போதுமா?"

"போதும்."

ராத்திரி மன்னி எனக்குச் சாதம் போட்டாள். மோர் விடும்போது, வேண்டும் என்கிற அளவுக்கு மேலேயே விட்டாள்.

பிப்ரவரி 15, வெள்ளி

முடிந்தது. முதலில் அதை எழுதிவிடுகிறேன். முடிந்தது.

காலையில் நானும் உமாவும் பஸ்ஸில். சயானில் அக்கா ஏறிக்கொண்டார், அரை நாள் லீவு. ரமணி ரூம் பூட்டு. முதல் ஷிப்டாம், பக்கத்து ரூம் மலையாளிப் பையன் சொன்னான். சாவி ரமணியின் பாக்கெட்டில். ஷிப்ட் முடிவது மூன்று மணிக்கு.

ரிஃபைனரி வாசல். காவல்காரர் பெரிய மீசை, பெரிய தடி, பெரிய 'நஹி'. வேலை நேரத்தில் யாரையும் கூப்பிட முடியாது, சட்டம். நான் இங்கிலீஷில் கெஞ்சினேன், அவர் வானத்தைப் பார்த்தார். அக்கா உமாவை என் இடுப்பிலிருந்து எடுத்து அவர் முன்னால் தரையில் நிறுத்தினார்.

"பாயீ, ஜஹாஜ் சூட் ஜாயேகா தோ தும் லேகே ஜாயேகா க்யா இஸ்கோ, பாப் கே பாஸ்?"

கப்பல் போய்விட்டால் இவளை அப்பனிடம் நீ கொண்டுபோய் விடுவாயா என்று கேள்வி. காவல்காரர் கீழே பார்த்தார். உமா மேலே பார்த்தாள். அவருடைய மீசையைக் காட்டி, "பூனை" என்றாள். தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. சிரித்துவிட்டார். உள்ளே ஆளனுப்பினார்.

ரமணி எண்ணெய்க் கையோடு ஓடி வந்தான். "எங்க அக்கா இந்தப் பையைத் தொடாதே, சனிக்கிழமைவரைக்கும் பாக்கக்கூடாதுன்னாளே! நான் ரூம்ல செருப்பே போட்டுக்கலை!" பாவம். சாவியை வாங்கிக்கொண்டோம்.

பை ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் பூ சுற்றியிருந்தான். அவிழ்த்தேன். புடவைக்குள், மன்னி சொன்ன மாதிரியே, துணிப்பை பத்திரமாக. பெர்மிட்டின் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்.

குர்லாவில் ரயில், வி.டி.யில் இறங்கி நடை. பாதி தூரம் ஓட்டம். உமா அக்காவின் தோளில். கம்பெனி ஆபீசில் டாக்டர் கைப்பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் இல்லை, பார்ஸி. உமாவின் கையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், தலையில் லேசாகத் தட்டினார். குமாஸ்தா குத்தினார், ஊதினார், மடித்து நீட்டினார்.

வாங்கி உள்ளே வைக்கப் போனேன். நின்றேன். அவர் மேஜை முன்னாலேயே பிரித்துப் படித்தேன். என் புத்தகத்தில் முத்திரை. உமாவுடையதிலும் முத்திரை, ஆனால் டாக்டரின் கையெழுத்து விழவில்லை. டாக்டர் கதவருகில் போய்விட்டார்.

"சார், ஒன் சிக்னேச்சர்" என்றேன். குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மொத்த ஆபீசும் திரும்பிப் பார்த்தது. டாக்டர் திரும்பி வந்தார். என் பேனாவையே கொடுத்தேன்.

அக்கா எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். அவரும் பார்த்திருப்பார், நிச்சயம். வாய் திறக்கவில்லை.

வெளியே வந்து மூன்று பேரும் கரும்புச்சாறு. அக்கா: "இனி நான் எதுக்கு?" என் டம்ளரில் மிச்சம் இருந்ததை உமாவுக்கு ஊற்றினேன். நிமிர்ந்து பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

பை சயானில் இறங்கிக்கொண்டது. வீட்டு வாசலில் மன்னி நின்றிருந்தாள். முதலில் என் கைகளைத்தான் பார்த்தாள். காலி. அப்புறம்தான் முகத்தை.

"ஆச்சா?"

"ஆச்சு மன்னி."

நேற்றுப் பேசியதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். "கால் அலம்பிண்டு வா, அடை ஆறிப்போறது" என்று உள்ளே போய்விட்டாள். அவளுடைய பெரிய மனசை இத்தனை நாள் நான் வெறும் பிடிவாதம் என்று நினைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 16, சனி

கப்பலில்.

அக்கா பையோடு எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். மன்னியிடம் கொடுத்தார், மன்னி என்னிடம். உள்ளே இருந்த துணிப்பையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். கம்பெனியிடமிருந்து பாஸ்போர்ட், கஸ்டம்ஸ், நகை எண்ணுதல், மேஜை மேஜையாக நின்றேன். ஒரு மேஜையைக்கூட அவசரமாக விட்டு நகரவில்லை.

மன்னி அழவில்லை. உமாவிடம், "சமத்தா இரு. அலையை மட்டும் திட்டாதே, அதுதான் உன்னைக் கொண்டு போறது" என்றாள். உமா, "நீயும் வா" என்றாள். மன்னி என்னைப் பார்த்து, "பாரு, வேண்டாததுன்னு எனக்கு லேபிள் ஒட்டாம விட்டது இது ஒண்ணுதான்" என்று சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள்.

எத்தனை பெரிய கப்பல். ஒரு தெருவே மிதக்கிற மாதிரி. மேலே நின்று பார்த்தால் மச்சினரின் குடை தெரிந்தது, வெயிலுக்கு விரித்தது. அதற்குக் கீழே இரண்டு பேர், மன்னியும் அக்காவும், ஒரே குடையில். மச்சினர் வெயிலில். நகர ஆரம்பித்தது எனக்குத் தெரியவே இல்லை. குடை சின்னதாகிக்கொண்டே போனபோதுதான் தெரிந்தது.

பிப்ரவரி 17, ஞாயிறு

கரை எந்தப் பக்கமும் இல்லை. இத்தனை நீலம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. காலையில் உமா ஒரு தடவை வாந்தி, நான் மூன்று தடவை. உப்பு நெல்லிக்காய் வேலை செய்கிறது. கயிறு கட்டியாயிற்று, அவளுடைய கவுன் உலர்கிறது. கீழ் பெர்த்தில் ராஜ்கோட்டிலிருந்து ஒரு பெண், கைக்குழந்தையோடு, நேற்றிலிருந்து விசும்பல். கல்கண்டு கொடுத்தேன். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் பயப்படாதே என்று சொல்ல ஹிந்தி போதவில்லை.

மத்தியானம் உமா, "போட்டோ அப்பா நம்மளை எப்படிக் கண்டுபிடிப்பார்?" என்று கேட்டாள்.

"உன் போட்டோ அவர்கிட்ட இருக்கே."

"உன் போட்டோ?"

கல்யாணத்தில் எடுத்ததுதான் இருக்கும். கேபின் கண்ணாடியில் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து இரண்டே முக்கால் வருஷம். எடை குறைந்திருக்கிறேன், கண்ணுக்குக் கீழே கறுப்பு, வகிடு பக்கத்தில் முடி கொட்டியிருக்கிறது. அவர் எப்படி இருப்பாரோ. முதலில் நான் பேச வேண்டுமா, அவர் பேசுவாரா, குழந்தையைக் கையில் கொடுக்க வேண்டுமா, கீழே விட வேண்டுமா. சீப்பு, சொம்பு, முத்திரை, கடைசிப் படகுக்கு முந்தின படகு எல்லாம் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இதைக் கேட்கவில்லை.

சாப்பாட்டு மணி அடிக்கிறது. உமா ஷூவை மாட்டிக்கொண்டு கதவுகிட்டே நிற்கிறாள், இடது ஷூ வலது காலில்.